செம்பின் மேல் எலக்ட்ரான் அலை: பார்ப்பது முதல் அளப்பது வரை முழுமையான வழிகாட்டி

தெப்பக்குளத்தின் படித்துறையில் நின்று நீரைப் பார்த்திருப்பீர்கள். நடுவில் எதுவோ விழுந்து கிளம்பிய அலை கல்லில் மோதித் திரும்பும். போகிற அலையும் திரும்புகிற அலையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும்போது, படியை ஒட்டிச் சில இடங்களில் நீர் நன்றாக எழும்பும், சில இடங்களில் அசையாமல் நிற்கும். செம்புப் படிகத்தின் மேற்பரப்பில், ஒரே ஓர் அணு உயரமுள்ள படியின் ஓரத்தில், எலக்ட்ரான்களும் இதையே செய்கின்றன. அந்த மேடுகளுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 15 ஆங்ஸ்ட்ராம், அதாவது ஒன்றரை நானோமீட்டர்.

இதை முதலில் கண்ணால் காணும்படி செய்தது 1993-ல். கலிபோர்னியாவில் ஐ.பி.எம். அல்மேடன் ஆய்வகத்தில் மைக்கேல் க்ரோமி, கிறிஸ்டோபர் லுட்ஸ், டான் ஐக்லர் மூவரும் செம்பின் மேல், சுமார் 4 கெல்வின் குளிரில் பார்த்தார்கள். அதே ஆண்டில் ஹசெகவாவும் அவுரிஸும் தங்கத்தின் மேல், அறை வெப்பநிலையிலேயே பார்த்தார்கள். இன்று உலகெங்கும் குளிர்நிலை எஸ்.டி.எம். கருவி (கூரான ஊசியால் மேற்பரப்பை அணு அளவில் படமெடுப்பது) வைத்திருக்கும் பல ஆய்வகங்களில், புதிதாகச் சேரும் மாணவரின் கையில் முதலில் கொடுக்கப்படும் பயிற்சிகளில் இதுவும் ஒன்று.

அந்தப் பயிற்சியைத் தொடக்கம் முதல் முடிவு வரை இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அழகான அலைப் படம் கிடைத்துவிட்டால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. அந்த அலை எலக்ட்ரானுடையதுதான் என்று காட்டுவது மீதிப் பாதி. வோல்டேஜை மாற்றினால் அலையின் இடைவெளி கணக்குப்படி மாற வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த ஒரு சோதனைக்கான தயாரிப்புதான்.

ஏன் செம்பு, ஏன் 111 முகம்

ஒரு படிகத்தை எந்தக் கோணத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து மேற்பரப்பில் அணுக்கள் அமையும் விதம் மாறும். 111 என்ற முகத்தில் அணுக்கள் அறுகோணமாக, நெருக்கமாக அடுக்கியிருக்கும். செம்பில் பக்கத்துப் பக்கத்து அணுக்களுக்கு இடையே 2.55 ஆங்ஸ்ட்ராம்.

இந்த முகத்துக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மேற்பரப்புக்குச் செங்குத்தான திசையில், குறிப்பிட்ட ஆற்றல் வரம்பில், உலோகத்தின் உள்ளே எலக்ட்ரானுக்கு இடமே கிடையாது. வெளியே போகலாம் என்றால் வெற்றிடம் தடுக்கிறது; அந்தச் சுவரின் உயரம் செம்பு 111-க்கு 4.9 எலக்ட்ரான் வோல்ட்டை ஒட்டி இருக்கும். உள்ளேயும் போக முடியாமல் வெளியேயும் போக முடியாமல், அந்த எலக்ட்ரான்கள் மேற்பரப்பிலேயே மாட்டிக்கொண்டு பக்கவாட்டில் மட்டும் தாராளமாக ஓடுகின்றன. கணக்குக்கு அவை கிட்டத்தட்ட ஒரு தட்டையான இரு பரிமாண வாயு. இப்படிப்பட்ட மேற்பரப்பு நிலைகள் இருக்க முடியும் என்று 1932-ல் தாமும் 1939-ல் ஷாக்லியும் தாளில் கணக்குப் போட்டுச் சொல்லிவிட்டார்கள்.

நினைவில் வைக்க வேண்டிய எண்கள் இரண்டு. செம்பு 111-ல் இந்த வாயுவின் அடித்தளம், அதாவது அதன் மிகக் குறைந்த ஆற்றல், ஃபெர்மி மட்டத்துக்கு (குளிரில் எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் உச்ச ஆற்றல்) கீழே சுமார் 0.44 எலக்ட்ரான் வோல்ட். இதில் ஓடும் எலக்ட்ரானின் பயனுறு நிறை, அதாவது படிகத்தில் அது நடந்துகொள்ளும் விதத்துக்குப் பொருந்தும் நிறை, சாதாரண எலக்ட்ரானின் நிறையில் சுமார் 0.38 பங்கு. கடைசியில் உங்கள் அளவீட்டிலிருந்து இந்த இரண்டு எண்களும் தாமாக வெளியே வர வேண்டும்.

கருவி எதைப் பார்க்கிறது

எஸ்.டி.எம். கருவியை 1981-ல் சூரிச் அருகே ஐ.பி.எம். ஆய்வகத்தில் கெர்ட் பின்னிக்கும் ஹைன்ரிக் ரோரரும் உருவாக்கினார்கள். 1986-ல் நோபல் பரிசு. கூரான உலோக ஊசியை மேற்பரப்புக்கு ஐந்து, ஆறு ஆங்ஸ்ட்ராம் தூரத்தில் கொண்டுபோய், இரண்டுக்கும் இடையே சிறு வோல்டேஜ் கொடுத்தால், நடுவில் இருக்கும் வெற்றிடத்தை எலக்ட்ரான்கள் துளைத்துக் கடக்கும். இதைத்தான் டனலிங் என்கிறோம். செம்பு போன்ற உலோகத்தில் தூரம் 1 ஆங்ஸ்ட்ராம் கூடினால் மின்னோட்டம் சுமார் 10 மடங்கு குறையும். மின்னோட்டம் மாறாதபடி ஃபீட்பேக் சுற்று ஊசியை ஏற்றி இறக்கும். அந்த ஏற்ற இறக்கமே படம்.

அதனால் எஸ்.டி.எம். படத்தை அணுக்களின் புகைப்படம் என்று நினைத்துவிடக் கூடாது. ஊசிமுனை நிற்கும் இடத்தில், நீங்கள் கொடுத்த வோல்டேஜ் வரம்புக்குள், எவ்வளவு எலக்ட்ரான் நிலைகள் இருக்கின்றன என்பதைத்தான் அது சொல்கிறது. தெர்சாஃப், ஹாமன் இருவரும் 1980-களில் இதைத் தெளிவாக்கினார்கள். எலக்ட்ரான் அலை படத்தில் தெரிவதற்குக் காரணமே இதுதான்: அணுக்களின் மட்டம் சமமாக இருந்தும், எலக்ட்ரான் நிலைகள் கூடிக் குறையும் இடத்தில் ஊசி ஏறி இறங்குகிறது.

வெற்றிடம்

இந்தப் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடலாம். பத்து லட்சத்தில் ஒரு பங்கு டார் (வெற்றிட அழுத்தத்தின் அலகு) அழுத்தத்தில், மோதும் மூலக்கூறு எல்லாம் ஒட்டிக்கொண்டால், ஒரு நொடியில் மேற்பரப்பு முழுக்க ஒரு படலம் மூடிவிடும். ஆயிரம் கோடியில் ஒரு பங்கு டார் என்றால் பத்தாயிரம் நொடி, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் கிடைக்கும். அந்த அளவு வெற்றிடத்துக்கு எஃகுக் கலத்தையே 120 முதல் 150 டிகிரி செல்சியஸில் ஓரிரு நாள் சூடாக்கி, உள் சுவரில் ஒட்டியிருக்கும் நீராவியை விரட்ட வேண்டும். அப்புறம் அளக்கும் நேரத்தில் சுழலும் டர்போ பம்பை நிறுத்திவிட்டு, அசையும் பாகம் இல்லாத அயான் பம்பை மட்டும் ஓட விடுங்கள். 4 கெல்வினில் இருக்கும் எஸ்.டி.எம். தலையைச் சுற்றியுள்ள குளிர்ந்த சுவர்களே வாயுவை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் போய்விட்ட சாம்பிள் பல நாள் சுத்தமாக இருக்கும்.

படிகத்தைச் சுத்தம் செய்வது

கடையிலிருந்து வந்த செம்புப் படிகம் கண்ணாடி மாதிரி பளபளக்கும். அணு அளவில் அது குப்பை மேடு. ஆக்சைடு, கார்பன், மெருகேற்றியபோது விழுந்த கீறல் எல்லாம் இருக்கும்.

சுத்தம் செய்வது இரண்டு வேலையின் சுழற்சி. முதலில் ஆர்கான் வாயுவை லட்சத்தில் ஒரு பங்கு டார் அளவுக்கு உள்ளே விட்டு, அதை அயனியாக்கி, சுமார் 1 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் படிகத்தின் மேல் மோத விட வேண்டும். மேல் அடுக்குகள் பெயர்ந்து போகும். இது ஸ்பட்டரிங், 15 நிமிடம் போதும். இதற்குப் பிறகு மேற்பரப்பு சுத்தம்தான், ஆனால் கொத்திய அம்மி போலக் குழி விழுந்திருக்கும். ஆர்கானை வெளியேற்றிவிட்டு 500 டிகிரி செல்சியஸை ஒட்டிச் சில நிமிடம் சூடாக்கினால், அணுக்கள் ஊர்ந்து போய்க் குழியை நிரப்பி, அகலமான சமதளங்களாகப் படிந்துகொள்ளும். இது அனீலிங்.

புதுப் படிகத்துக்கு ஓரிரு சுழற்சி போதாது. செம்பின் உள்ளே கரைந்திருக்கும் கந்தகம் ஒவ்வொரு முறை சூடாக்கும்போதும் மேலே வந்துகொண்டே இருக்கும். பத்து, பதினைந்து சுழற்சி வரை போக வேண்டி வரலாம். இங்கே பொறுமை இழப்பவர்கள்தான் அதிகம். அவசரப்பட்டு வெப்பத்தை 700, 800 டிகிரிக்கு ஏற்றாதீர்கள். செம்பு ஆவியாகிக் கலத்தின் மின்காப்புப் பீங்கான்களில் படிய ஆரம்பிக்கும், அது வேறு தலைவலி.

கடைசி முறை சூடாக்கும்போது கலத்தின் அழுத்தத்தைக் கவனியுங்கள். சூடு ஏறும்போது அழுத்தம் பெரிதாக எகிறாமல் இருந்தால், சாம்பிளைப் பிடித்திருக்கும் தட்டும் இழையும் கூடச் சுத்தமாகிவிட்டன என்று பொருள். ஆறியதும் நேரம் கடத்தாமல் குளிர்ந்த எஸ்.டி.எம்.-க்குள் மாற்றிவிடுங்கள்.

ஊசி செய்வது

0.25 மில்லிமீட்டர் டங்ஸ்டன் கம்பி, 2 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல், சில வோல்ட் மின்சாரம். கம்பியை இரண்டு, மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கரைசலில் முக்கி மின்சாரம் கொடுங்கள். கரைசலின் மேல்மட்டம் கம்பியைத் தொடும் இடத்தில் சின்னப் பிறை போல ஏறி நிற்கும். அரிப்பு அந்த வளையத்தில்தான் வேகமாக நடக்கும். கிட்டே போய்ப் பாருங்கள்: அந்த இடத்தில் கம்பி இடுப்பு போல ஒடுங்கிக்கொண்டே வரும், கீழ்ப்பகுதியிலிருந்து அரித்த பொருள் மெல்லிய திரையாக வழிந்து இறங்கும். பத்து, பதினைந்து நிமிடத்தில் இடுப்பு நூலாகிவிடும். அப்போது கீழ்ப்பகுதி தன் எடையாலேயே அறுந்து விழும். விழுந்த கணமே மின்சாரம் நிற்க வேண்டும். மைக்ரோ நொடிகளில் அணைக்கும் சுற்று இருந்தால் நல்லது. அது தாமதமானால் கூர்மை கரைந்து முனை மொண்ணையாகிவிடும்.

வெந்நீரிலும் ஆல்கஹாலிலும் கழுவி, வெற்றிடத்துக்குள் ஏற்றியதும் சூடாக்கியோ ஆர்கானால் அடித்தோ ஆக்சைடை நீக்கிவிடுங்கள். மின்நுண்ணோக்கியில் அழகாகத் தெரிந்த ஊசிதான் நன்றாக வேலை செய்யும் என்று எந்த உறுதியும் இல்லை. கடைசியில் வேலை செய்யப்போவது நுனியில் இருக்கும் ஒன்றிரண்டு அணுக்கள். அவற்றைச் செம்பின் மேலேயே வைத்துத்தான் சரிசெய்யப் போகிறோம்.

முதல் படம்

ஊசியும் சாம்பிளும் குளிர்ந்து, ஒன்றுக்கொன்று நகர்வது அடங்கச் சில மணி நேரம் ஆகும். தானியங்கி அணுகலைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். டனலிங் கிடைத்ததும் 1 வோல்ட், 0.1 நானோ ஆம்பியரில் 1000 ஆங்ஸ்ட்ராம் அகலத்துக்கு ஒரு படம் எடுங்கள். அகலமான சமதளங்களும் அவற்றைப் பிரிக்கும் படி விளிம்புகளும் தெரிய வேண்டும். ஒரு படியின் உயரம் 2.08 ஆங்ஸ்ட்ராம். உங்கள் எண் வேறாக இருந்தால் பீசோவின் (வோல்டேஜ் கொடுத்தால் நீண்டு சுருங்கி ஊசியை நகர்த்தும் பாகம்) செங்குத்து அளவைத் திருத்த இதையே பயன்படுத்துங்கள். பக்கவாட்டு அளவுக்கு, ஒரு சமதளத்தில் 50 ஆங்ஸ்ட்ராம் அகலத்துக்குள் அணுக்களைப் பிரித்துப் படமெடுத்து, 2.55 என்ற எண்ணோடு ஒப்பிடுங்கள். பலர் இதைத் தள்ளிப்போடுகிறார்கள். அலையின் இடைவெளியை அளக்கப்போகும் அளவுகோலே இதுதான். பீசோ 4 கெல்வினில் அறை வெப்பநிலையில் நகர்வதைவிடப் பல மடங்கு குறைவாகத்தான் நகரும் என்பதால் பழைய எண்ணை நம்பவே முடியாது.

படி விளிம்பு ஒவ்வொன்றும் இரட்டையாகத் தெரிந்தால் ஊசிக்கு இரண்டு நுனி இருக்கிறது. ஓரிடத்தில் ஊசியைச் சில ஆங்ஸ்ட்ராம் செம்புக்குள் மெதுவாகக் குத்தி எடுங்கள், அல்லது 3 முதல் 10 வோல்ட் வரை ஒரு துடிப்புக் கொடுங்கள். நுனியில் செம்பு ஒட்டிக்கொண்டு புது வடிவம் வரும். பிறகு அந்த இடத்தை விட்டு விலகிப் போய்ப் பாருங்கள்.

ஊசியை நம்பலாமா: லாக்-இன் சோதனை

எலக்ட்ரான் நிலைகளை அளக்க வேண்டுமானால், வோல்டேஜ் மாறும்போது மின்னோட்டம் எந்த வேகத்தில் மாறுகிறது என்று பார்க்க வேண்டும். அதுதான் டிஐ/டிவி. வோல்டேஜின் மேல் சில மில்லிவோல்ட் அளவுக்குச் சிறு அதிர்வைச் சேர்த்து, மின்னோட்டத்தில் அதே அதிர்வெண்ணில் வரும் பதிலை மட்டும் லாக்-இன் கருவி பிரித்தெடுக்கும். அதிர்வெண் ஃபீட்பேக்கின் வேகத்துக்கு மேலே, முன்பெருக்கியின் வரம்புக்குள், 50 ஹெர்ட்ஸின் மடங்குகளிலிருந்து விலகி இருக்கட்டும். பல கருவிகளில் 600 முதல் 900 ஹெர்ட்ஸுக்குள் ஓர் இடம் கிடைக்கும்.

லாக்-இன்னின் கட்டத்தை (ஃபேஸ்) சரிசெய்யாமல் தொடங்காதீர்கள். ஊசிக்கும் சாம்பிளுக்கும் இடையே உள்ள மின்தேக்குத் திறனால் ஒரு மின்னோட்டம் எப்போதும் ஓடும். அது நமக்கு வேண்டிய சமிக்ஞைக்கு 90 டிகிரி தள்ளி இருக்கும். ஊசியைப் பின்வாங்கி டனலிங் இல்லாமல் செய்து, எஞ்சும் சமிக்ஞை சுழியாகும் வரை கட்டத்தைத் திருப்புங்கள். டனலிங் சமிக்ஞை இப்போது அந்தத் தடத்தில் முழுமையாக வரும்.

அதிர்வின் அளவு எவ்வளவு? 4.2 கெல்வினில் வெப்பத்தால் வரும் மங்கல் சுமார் 1.3 மில்லி எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே. ஆனால் ஆர்.எம்.எஸ். கணக்கில் 5 மில்லிவோல்ட் அதிர்வு கொடுத்தால் அதனால் வரும் மங்கல் 12-க்கு மேல். ஆகவே குளிர்நிலையில் துல்லியத்தைத் தீர்மானிப்பது நீங்கள் கொடுக்கும் அதிர்வுதான். அறை வெப்பநிலையிலோ வெப்பம் மட்டுமே 90 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டைத் தின்றுவிடும். அங்கே அதிர்வைக் குறைத்துப் பயனில்லை.

இப்போது படி விளிம்பிலிருந்தும் கறைகளிலிருந்தும் தூரமாக, சமதளத்தின் நடுவில் ஊசியை நிறுத்தி, ஃபீட்பேக்கை அணைத்து, வோல்டேஜை −0.8-லிருந்து +0.5 வரை ஓட்டுங்கள். இரு பரிமாண வாயுவில் நிலைகளின் அடர்த்தி ஆற்றலைப் பொறுத்து மாறாது. எனவே வரைபடம் தட்டையாகப் போய், −0.44 வோல்ட்டில் ஒரு படிக்கட்டு போல் எகிறி, மறுபடி தட்டையாக வேண்டும். எகிறல் +0.44-ல் வந்தால் பயப்பட வேண்டாம், உங்கள் கருவி வோல்டேஜை ஊசிக்குக் கொடுக்கிறது, குறி தலைகீழ். நடுவில் சொந்தமாக மேடும் பள்ளமும் இருந்தால் அவை ஊசியின் எலக்ட்ரான் நிலைகள். மறுபடி குத்துங்கள், மறுபடி துடிப்புக் கொடுங்கள். ஒரு நாள் முழுக்க இதிலேயே போகலாம். தட்டையான ஊசி கிடைக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்; அதற்குப் பிறகு வரும் எல்லாத் தரவிலும் ஊசியின் குரல் கலந்தே இருக்கும்.

அலையைப் பார்ப்பது

நேரான ஒரு படி விளிம்பைத் தேர்ந்தெடுங்கள். அதன் ஒரு பக்கமாவது 300 ஆங்ஸ்ட்ராம் அகலச் சமதளம் இருக்கட்டும். வோல்டேஜைச் சில மில்லிவோல்ட் அளவுக்கு இறக்குங்கள். அப்போது ஃபெர்மி மட்டத்தை ஒட்டிய எலக்ட்ரான்கள் மட்டும் பங்கேற்கும். படத்தின் வண்ண அளவை, சமதளத்துக்குள் மட்டும் தெரியும்படி இறுக்குங்கள். படிக்கு இணையாக வரிவரியாக மேடுகள் எழும்பும். படியிலிருந்து தள்ளிப் போகப் போக அவை மங்கும்.

அந்த மேட்டின் உயரம் ஓர் ஆங்ஸ்ட்ராமில் நூறில் சில பங்குதான். மேற்பரப்பில் ஒட்டிய தனி மூலக்கூறுகள், உதாரணமாகக் கார்பன் மோனாக்சைடு, கருப்புப் புள்ளியாகத் தெரியும். அவற்றைச் சுற்றி வட்ட வட்டமாக அலை விரியும். முதல் முறை இந்த வட்டங்களைத் திரையில் பார்த்த இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை. பாடப்புத்தகத்தில் கணக்காக மட்டும் இருந்தது கண்ணெதிரே நிற்கிறது.

இரண்டு மேடுகளுக்கு இடையே உள்ள தூரம் எலக்ட்ரானின் அலைநீளத்தில் பாதி. ஃபெர்மி மட்டத்தில் அலைநீளம் 30 ஆங்ஸ்ட்ராம், ஆகவே மேடுகளின் இடைவெளி 15. இந்தப் பாதிக் கணக்கைத் தவறவிட்டால் பயனுறு நிறை நான்கு மடங்கு தவறிப்போகும்.

பொய் அலை

மாணவனாக இருந்தபோது, ஒரு ஆய்வகத்தில் இரண்டு வாரம் பொய் அலையைப் பின்தொடர்ந்தேன். 300 ஆங்ஸ்ட்ராம் அகலப் படம், ஒரு வரியை 0.4 நொடியில் ஓட்டினேன். படிக்கு இணையாகத் தெளிவான கோடுகள், இடைவெளி 15 ஆங்ஸ்ட்ராம். புத்தகத்தில் உள்ள எண்ணும் அதுவே. அளந்தேன், சராசரி எடுத்தேன், அறிக்கை எழுதினேன்.

வோல்டேஜை −200 மில்லிவோல்ட்டுக்கு மாற்றச் சொன்னார் என் வழிகாட்டி. கோடுகள் அசையவில்லை, அதே 15. அப்புறம்தான் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: ஊசி நொடிக்கு 750 ஆங்ஸ்ட்ராம் போகிறது, சுவரிலிருந்து வரும் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் ஒவ்வொரு 15 ஆங்ஸ்ட்ராமுக்கும் ஒரு கோடு போடுகிறது. ஒரு வரியில் சரியாக 20 சுற்று அடங்குவதால் ஒவ்வொரு வரியிலும் கோடு அதே இடத்தில் விழுந்து, செங்குத்தாக நின்றுவிட்டது. என் படியும் படத்தில் செங்குத்தாக இருந்தது. பூமித் தொடர்பு ஒன்று தளர்ந்திருந்ததுதான் மூலகாரணம்.

அன்றிலிருந்து எந்த அலையைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேட்கிறேன். ஊசியின் வேகத்தை மாற்றினால் இடைவெளி மாறுகிறதா? மாறினால் இரைச்சல். ஓட்டும் திசையை 30 டிகிரி திருப்பினால் கோடு படியோடு போகிறதா, திரையோடு நிற்கிறதா? திரையோடு நின்றால் இரைச்சல். படியை விட்டு விலகும்போது மங்குகிறதா? என்னுடையது சமதளம் முழுக்க ஒரே பலத்தில் ஓடியது. அதைப் பார்த்த உடனேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆற்றல்வாரியாக அளப்பது

மூன்று சோதனையும் தாண்டிய பிறகு, ஒரே இடத்தில் பல வோல்டேஜில் டிஐ/டிவி வரைபடம் எடுக்க வேண்டும். இரண்டு வழி உண்டு. படம் ஓட்டிக்கொண்டே லாக்-இன் சமிக்ஞையையும் பதிவது ஒன்று; ஒரு வோல்டேஜுக்கு ஒரு படம், அரை மணி நேரத்தில் முடியும். மற்றொன்று, ஒவ்வொரு புள்ளியிலும் ஊசியை நிறுத்தி முழு வோல்டேஜ் வரம்பையும் ஓட்டுவது. 128-க்கு 128 புள்ளி என்றால் 16,384 புள்ளி. புள்ளிக்கு 2 நொடி வைத்தாலும் ஒன்பது மணி நேரம். இரவில் போட்டுவிட்டுப் போகும் வேலை.

முதல் வழியில் ஒரு மறைந்த பொறி இருக்கிறது. ஃபீட்பேக் ஓடும்போது ஊசியின் உயரமே அலையோடு சேர்ந்து ஏறி இறங்கும். உயரம் மாறினால் டிஐ/டிவியும் மாறும். இதனால் நீங்கள் கேட்ட ஆற்றலின் அலையோடு, இடைப்பட்ட மற்ற ஆற்றல்களின் நிழலும் கலந்து பதியும். இரண்டாம் வழியிலும் இது முழுதாகப் போகாது. ஊசியின் உயரத்தைத் தீர்மானிக்கும் தொடக்க வோல்டேஜ் பெரிதாக இருந்தால் பல அலைநீளங்கள் ஒன்றையொன்று சமன்செய்து நிழல் மங்கும். நகர்வு நன்றாக அடங்கிய கருவி என்றால் ஃபீட்பேக்கை அணைத்துவிட்டு ஒரே உயரத்தில் ஓட்டுவது எனக்குப் பிடித்த வழி.

கணக்குப்படி எதிர்பார்க்க வேண்டிய இடைவெளிகள் இவை: −0.3 வோல்ட்டில் 26.6 ஆங்ஸ்ட்ராம், −0.2-ல் 20.3, −0.1-ல் 17, சுழியை ஒட்டி 15, +0.2-ல் 12.4. அடித்தளத்தை நெருங்க நெருங்க அலை நீண்டு சோம்பலாகும். மேலே போகப் போக நெருக்கமாகும்.

பரவளையம்

நேரான படி இருந்தால், படிக்குச் செங்குத்தாக வெட்டி, பல வரிகளைச் சராசரியாக்கி, மேடுகளின் இடத்தைக் குறியுங்கள். படியை ஒட்டிய முதல் மேட்டை விட்டுவிடுங்கள். அங்கே படியின் சொந்த எலக்ட்ரான் நிலைகள் கலந்திருக்கும். படியில்லாமல் புள்ளிக் கறைகள் மட்டும் இருந்தால், படத்தில் எந்தெந்த இடைவெளி அலைகள் இருக்கின்றன என்று பிரித்துக் காட்டும் ஃபூரியர் உருமாற்றம் எளிது. கிவிடியான் என்ற இலவசச் செயலி இதை நொடியில் செய்யும். மையத்தைச் சுற்றி ஒரு வளையம் தெரியும்; அதன் ஆரம் அலை எண்ணின் (2π-ஐ அலைநீளத்தால் வகுத்தது) இரு மடங்கு. படத்தின் அகலம் கூடக் கூட வளையத்தின் துல்லியம் கூடும். 500 ஆங்ஸ்ட்ராம் அகலத்தில் ஒரு ஃபூரியர் புள்ளி, ஆங்ஸ்ட்ராமுக்கு 0.0126; ஃபெர்மி மட்டத்து வளையத்தின் ஆரம் 0.42. அதைவிடச் சின்னப் படத்தில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம்.

ஒவ்வொரு வோல்டேஜுக்கும் அலை எண் கிடைத்ததும், அதன் வர்க்கத்தைக் கிடை அச்சிலும் ஆற்றலை நிலை அச்சிலும் குறியுங்கள். புள்ளிகள் நேர்கோட்டில் விழ வேண்டும்; வர்க்கம் எடுக்காமல் அலை எண்ணையே குறித்தால் அது பரவளையம். கோடு நிலை அச்சை வெட்டும் இடம் −0.44-ஐ ஒட்டி இருக்கும். லாக்-இன் சோதனையில் வரைபடம் எகிறிய இடமும் அதுவே. வேறு வேறு வழியில் வந்த இரண்டு எண்கள் ஒன்றாக நிற்பதுதான் இந்தப் பயிற்சியின் உயிர். அலை எண்ணை ஆங்ஸ்ட்ராம் கணக்கில் வைத்திருந்தால், 3.81-ஐக் கோட்டின் சரிவால் வகுத்தால் பயனுறு நிறை கிடைக்கும். சரிவு 10-ஐ ஒட்டி வந்தால் விடை 0.38. உங்களுக்கு 0.36 முதல் 0.42 வரை எது வந்தாலும் வெளிவந்த அளவீடுகளோடு ஒத்துப்போகிறது. 0.3 அல்லது 0.5 வந்தால் முதலில் பக்கவாட்டு அளவுகோலைச் சந்தேகியுங்கள்: அதில் 10 சதவீதப் பிழை, நிறையில் 20 சதவீதமாகிவிடும்.

செம்புக்கு அப்பால்

வெள்ளி 111-ல் அடித்தளம் ஃபெர்மி மட்டத்துக்குக் கீழே வெறும் 65 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அதனால் அதே ஃபெர்மி மட்டத்தில் மேடுகளின் இடைவெளி 38 ஆங்ஸ்ட்ராம் வரை நீள்கிறது. பார்க்க மிக எளிது, ஆனால் ஆற்றல் வரம்பு குறுகல். தங்கம் 111-ல் மேல் அடுக்கு தானாகவே நெளிந்து மீன்முள் வடிவம் எடுப்பதால், அலையோடு அந்த நெளிவும் சேர்ந்து தெரியும். இன்னொன்று: தங்கத்தில் மேற்பரப்பு எலக்ட்ரான்கள் சுழற்சியை (ஸ்பின்) பொறுத்து இரண்டாகப் பிரிந்திருப்பதை ஒளிமின் உமிழ்வு அளவீடு காட்டிவிடும், ஆனால் இந்த நிலை அலைகளில் அந்தப் பிளவு தெரியாது. திரும்பி வரும் அலை எதிர்ச் சுழற்சியுள்ள நிலைக்குப் போக முடியாததால், குறுக்கீட்டில் ஒரே இடைவெளிதான் மிஞ்சும்.

செம்பிலேயே அடுத்த படி, அலைக்குக் கரை கட்டுவது. க்ரோமி குழு 48 இரும்பு அணுக்களை ஊசியால் ஒவ்வொன்றாக நகர்த்தி, 71.3 ஆங்ஸ்ட்ராம் ஆரத்தில் வட்டமாக நிறுத்தியது. அணுவை நகர்த்த, ஊசியை வழக்கத்தைவிட அருகே இறக்கி, அணு ஊசியோடு ஒட்டிக்கொண்டு வரும் தூரத்தில் பக்கவாட்டில் இழுத்து, மறுபடி தூக்கிவிட வேண்டும். 48 அணு வேண்டாம், ஏழெட்டு அணுவில் ஒரு சின்ன வட்டத்தோடு ஆரம்பியுங்கள்.

வட்டம் கட்டி முடித்ததும் அதன் நடுமையத்தில் ஊசியை நிறுத்தி டிஐ/டிவி எடுங்கள். எலக்ட்ரான் ஊடுருவ முடியாத சுவர் என்று வைத்துக்கொண்டு, நீங்கள் அளந்த நிறையைப் போட்டு 71.3 ஆங்ஸ்ட்ராம் வட்டத்துக்குக் கணக்கிட்டால், மையத்தில் மேடு காட்டும் நிலைகள் அடித்தளத்திலிருந்து 11, 60, 148, 274, 440 மில்லி எலக்ட்ரான் வோல்ட்டில் வரும். ஐந்தாவது நிலை சரியாக ஃபெர்மி மட்டத்தில் போய் நிற்கிறது. உங்கள் வட்டத்தின் ஆரம் வேறு என்றால் இந்த எண்களை ஆரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாற்றிக்கொண்டு, திரையில் மேடு வருவதற்கு முன்பே குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்.